தெலுக் இந்தான் பழைய டவுன் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தானின் பழைய டவுனில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இந்த ஊரை ஒட்டிய ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். முப்பது வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பழகியவளை இப்போது ஊரே கேள்வி கேட்கிறது. அதுவும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்ப. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் சேர்த்து வைத்துவிட்டேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

சாய்ந்த கோபுரத்தைத் தவிர அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி வந்த எரிச்சலில்தான் இந்த நடையே தொடங்கியது. ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிறவர்கள் கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோல் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கால் மணி நேரத்தில் காரில் ஏறிவிடுகிறார்கள். படம் எடுப்பதில் குற்றமில்லை. ஆனால் இந்த டவுன் அந்தக் கோபுரத்துக்காக உண்டானதன்று. ஆற்றுத் துறைக்காகவும் சுற்றியிருந்த ரப்பர், தென்னை, செம்பனைத் தோட்டங்களுக்காகவும் உண்டானது.

எங்கள் நடை கட்டடங்களின் வயதுப்படி போவதில்லை. சம்பளம் போட்ட ஞாயிறன்று தோட்டத்துக் குடும்பம் ஒன்று டவுனுக்கு வந்தால் எந்த வரிசையில் நடக்குமோ அந்த வரிசையில் போகிறோம். லாரியிலிருந்து இறங்கும் இடம், அடகு மீட்கும் இடம், மளிகைக்கடை, துணிக்கடை, கோயில், சாப்பாட்டுக்கடை, ஆற்றங்கரை. சின்ன வயதில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்த வரிசை அது. கோபுரம் அதில் கடைசியாகத்தான் வரும், மணி பார்ப்பதற்கு. திரும்பும் லாரியைத் தவறவிட்டால் தோட்டத்துக்கு நடராஜா சர்வீஸ்தான்.

எங்கே கூட வேண்டும், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் ஆகும்?

காலை ஏழரை மணிக்குக் கோபுரத்தின் அடியில். மேலே அவ்வளவு பேசிவிட்டு அங்கேயே கூடச் சொல்கிறேனே என்று சிரிக்க வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் அதுதான். கூடியதும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவோம். இரண்டரை மணி நேரம். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்.

கட்டணம் எத்தனை வெள்ளி?

இல்லை. பசியாறல் அவரவர் செலவு.

ரயிலில் வர முடியுமா? தாத்தா ரயிலில் போன கதை சொல்வார்.

தாத்தா சொன்னது சரி. தாப்பா ரோடிலிருந்து இந்த ஊருக்கு 1893-இல் ரயில் பாதை போட்டார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய ஈயத்தைக் கப்பலேற்ற இந்தத் துறைமுகம்தான் அப்போது வாய்ப்பாக இருந்தது. பேராக் ஆற்றின் வழியாகக் கடற்கரைக் கப்பல்கள் உள்ளே வரும். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் இங்கே நின்று சரக்கும் ஆட்களும் ஏற்றி இறக்கிப் போயின. பிறகு வடக்கிலிருந்து தெற்குவரை நீண்ட ரயில் பாதை வந்ததும் ஈயம் வேறு துறைமுகங்களுக்குத் திரும்பிவிட்டது. கிளைப்பாதை மட்டும் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடி, 1989-இல் நின்றது.

இப்போது தாப்பா ரோடு நிலையத்தில் இறங்கி வாடகைக் காரில் வரலாம். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஊரிலேயே நிலையம் இருக்கிறது. சொந்தக் காரில் வந்தால் நெடுஞ்சாலையில் பீடோரில் இறங்கி மேற்கே திரும்புங்கள். வழியெங்கும் செம்பனைதான், அதைப் பார்த்துக்கொண்டு வந்தாலே நடையில் பாதி புரிந்துவிடும்.

கோபுரம் ஏன் சாய்ந்தது? விழுந்துவிடாதா?

1885-இல் லியோங் சூன் சியோங் என்ற சீன ஒப்பந்தக்காரர் கட்டியது. வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி; உள்ளே மூன்றே தளம். உயரம் 25.5 மீட்டர், ஏற 110 படி. உச்சியில் உள்ள கடிகாரம் லண்டன் பென்சன் கம்பெனியுடையது. ஆனால் கட்டிய நோக்கம் மணி காட்டுவது மட்டுமன்று, தண்ணீர் தேக்குவதும்தான். வறட்சிக்கும் தீ விபத்துக்கும் உதவ உள்ளேயே தொட்டி வைத்தார்கள். ஊர் நிற்பதோ ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண்மேல். நொதநொதவென்ற மண், அதன்மேல் செங்கல், அதற்குமேல் தண்ணீர்ப் பாரம். ஒரு பக்கம் அமிழ்ந்துவிட்டது.

தொட்டியில் தண்ணீர் தேக்குவதை நிறுத்தி எவ்வளவோ காலமாகிறது. விழாது என்று எழுதிக் கையெழுத்துப் போட நான் பொறியாளர் இல்லை. ஆனால் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், நான் கூன் போட்ட அளவுக்கு அது கூன் போடவில்லை.

பாட்டி 'ஆன்சன்' என்கிறார், வரைபடத்தில் 'இந்தான்' என்றிருக்கிறது. இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) தற்காலிக ஆளுநராக இருந்த ஆர்ச்சிபால்ட் ஆன்சன் என்ற ஆங்கிலேயரின் பெயரால் தெலுக் ஆன்சன் ஆயிற்று. நூறாண்டு கழித்து, 1982-இல், தெலுக் இந்தான் என்று மாற்றினார்கள். மலாயில் தெலுக் என்றால் வளைகுடா; ஆறு இங்கே வளைந்து திரும்புவதைப் பார்த்தால் பெயர் பொருந்தும். இந்தான் என்றால் வைரம். ஆன்சனுக்கு முன்பே மாக் இந்தான் என்ற வணிகப் பெண்மணியின் பெயர் இந்தத் துறைக்கு இருந்ததாகச் சொல்வார்கள். அப்படியானால் புதுப்பெயர்தான் பழைய பெயர். பாட்டியைத் திருத்தாதீர்கள், எங்கள் தோட்டத்தில் இரண்டு பெயரும் சொல்லமாட்டார்கள், 'டவுன்' என்றால் போதும்.

நீங்கள் அடிக்கடி சொல்லும் 'அஞ்சடி' எது?

கடைவீடுகளின் முன்னால், மேல்மாடிக்குக் கீழே, தெருவுக்கும் கடைக்கும் நடுவே ஓடும் நடைபாதை. ஐந்தடி அகலம் என்று பெயர். மலாயில் காக்கி லீமா. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் 1822-இல் போட்ட நகரத் திட்டத்தில் இப்படி மூடிய நடைபாதை இருக்கவேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம் மலாயா டவுன்கள் எங்கும் பரவியது. எல்லோருக்கும் பொதுவான வழி, ஆனால் கட்டியவன் கடைக்காரன். ஆகவே ஒவ்வொரு கடையின் முன்னும் தரை ஓடு வேறு, படி உயரம் வேறு. நடக்கும்போது கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதைவிடக் காலடியைப் பார்த்து வாருங்கள். எந்தக் கடைக்காரர் எப்போது கையில் காசோடு இருந்தார் என்று தரை சொல்லும்.

தோட்டத்து மக்களுக்கு அஞ்சடி வெறும் வழி இல்லை. தையல்காரர், சவரக்காரர், பூக்காரம்மா, கடிதம் எழுதிக்கொடுப்பவர் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். மழைக்கு ஒதுங்குவதும் அங்கேதான். அம்மா கடைக்குள் பேரம் பேசும்போது நாங்கள் பிள்ளைகள் அஞ்சடித் தூணைச் சுற்றிக்கொண்டிருப்போம். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் கடைப் பலகை அப்படி ஒரு தூணுக்கு மேலே இருந்தது.

கிட்டங்கி என்றால் சரக்குக் கிடங்குதானே? செட்டியார் அங்கே என்ன செய்தார்?

சொல் அதுதான், செட்டியார் கிட்டங்கியில் இருந்த சரக்கு பணம். நீளமான ஒரு கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரோரமாக ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் ஓர் இடம்: ஒரு பாய், குட்டையான கணக்குப் பெட்டி, பின்னால் இரும்புப் பெட்டி. பல கடைகள் ஒரே கூரையின் கீழ். சாப்பாடும் தூக்கமும் அங்கேயே. மனைவி மக்கள் செட்டிநாட்டில். முகவராக வருகிறவர் மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார், அடுத்தவர் வந்து அதே பெட்டியின் முன் உட்காருவார்.

ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு ஐரோப்பிய வங்கிகள் இருந்தன. நாலு ஏக்கர், பத்து ஏக்கர் கித்தா (ரப்பர்) வைத்திருந்த மலாய்க்காரருக்கும் சீனருக்கும் தமிழருக்கும் செட்டியார்தான் வங்கி. கித்தா விலை ஏறும்வரை எல்லாம் நன்றாக நடந்தது. 1929-க்குப் பின் வந்த பொருளாதார மந்தத்தில் விலை அடிமட்டத்துக்குப் போக, கடன் திரும்பவில்லை; அடமானம் வைத்த நிலம் திரும்பியது. கடன் கொடுக்க வந்தவர்கள் வேண்டாமலே தோட்டக்காரர்கள் ஆனார்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1913-இல் வந்ததற்கும், 1933-இல் மேலும் இறுகியதற்கும், இப்படி நிலம் கைமாறும் அச்சம் ஒரு காரணம். ஊர்க்கதைகளில் செட்டியார் ஒன்று வள்ளல், அல்லது அட்டை. இரண்டையும் நான் சொல்வதில்லை.

அப்படியானால் பால் வெட்டிய எங்கள் தாத்தாவும் செட்டியாரிடம்தான் கடன் வாங்கியிருப்பாரா?

பெரும்பாலும் இருக்காது. செட்டியார் கடனுக்கு ஈடு வேண்டும், நிலமோ நகையோ. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவருக்குச் சொந்தமாக, பால் பிடிக்கும் ஒரு மங்குகூட இல்லை, அதுவும் தோட்டத்துச் சொத்து. தாத்தாவின் கடன் மூன்று இடத்தில் இருந்திருக்கும்: மளிகைக்கடைப் பற்றுப் புத்தகம், சீனர் அடகுக்கடை, ஆள் சேர்த்துக் கொண்டுவந்து வேலை வாங்கிய கங்காணி. நடையில் அடகுக்கடைக்கு ஏன் முதலில் போகிறோம் என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். சம்பளம் வந்ததும் தாலிக்கொடியை மீட்க வேண்டும். மாதக் கடைசியில் அது திரும்பவும் அங்கேயே போகும். என் அம்மாவின் தோடு அந்தக் கடை அலமாரியில் இருந்த நாட்கள் அவர் காதில் இருந்த நாட்களைவிடக் கூடுதல்.

டீச்சர், நாங்கள் தோட்டத்தைப் பார்க்கத்தானே வந்தோம், டவுனில் எதற்கு நடக்க வேண்டும்?

தோட்டம் தனக்குள் மூடிய உலகம். துரை பங்களா மேட்டில், கிராணி (எழுத்தர்) வீடு நடுவில், லயம் பள்ளத்தில். விடியும் முன்னே பிரட்டு. பேர் கூப்பிட்டதும் அவரவர் நிரைக்கு, அதாவது மர வரிசைக்கு, போகவேண்டும். பள்ளிக்கூடம், கோயில், கள்ளுக்கடை எல்லாம் வேலிக்குள். அந்த வேலிக்கு வெளியே ஒரு கூலிக்காரர் தன் காசைத் தன் விருப்பப்படி செலவு செய்த ஒரே இடம் டவுன். எந்தப் புடவை, எந்த டீ, எந்தப் படம் என்று அவர் தேர்ந்தெடுத்தது இந்த அஞ்சடியில்தான். துரையும் இதே தெருவில் நடந்தார், ஆனால் இங்கே அவருக்காக யாரும் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டியதில்லை.

இன்னொன்று, சுற்றியிருந்த தோட்டங்களெல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஜெண்டராத்தா தோட்டத்தை 1906-இல் தொடங்கியவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்காரர்; இன்றைய யுனைடெட் பிளான்டேஷன்ஸ் அதிலிருந்து வளர்ந்தது. செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டுபோகக் குறுகிய ரயில் பாதை வைத்திருக்கும் தோட்டம் அது. கித்தா, தென்னை, செம்பனை என்று ஒவ்வொரு தோட்டத்துக் கைக்கும் ஒவ்வொரு காய்ப்பு. எங்கள் ஊர்க் கிழவர்கள் கைகொடுத்தால் அந்தக் காலத்தில் எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடலாம்.

அம்மாவுக்கு முட்டிவலி. கூட்டி வரலாமா?

கூட்டி வாருங்கள். தூரம் அதிகமில்லை, ஆனால் அஞ்சடிப் படிகள் ஏறி இறங்க வேண்டும் (காரணம் மேலே). சக்கர நாற்காலி என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், தெருவோரமாகப் போகும் வழி ஒன்று வைத்திருக்கிறேன். அம்மாக்கள் வந்தால் எனக்கு லாபம்; பாதிக் கதையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மழை பெய்தால்?

பால் வெட்டுதான் மழைக்கு நிற்கும். பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோடு தாண்டி மரமெங்கும் வழிந்து வீணாகும், அன்றைக்கு வேலையில்லை, கூலியும் போச்சு. நடை நிற்காது, அஞ்சடி இருக்கிறது. ஆற்றங்கரையை மட்டும் விட்டுவிடுவோம்.

சாப்பாடு எப்படி? நாங்கள் சைவம்.

இந்த ஊர் சீ சியோங் ஃபன் என்ற அரிசிமாவுச் சுருள் பேர்போனது. குழம்பு எதுவும் ஊற்றமாட்டார்கள். பொட்டலத்தில் ஊறவைத்த பச்சை மிளகாயோடு தருவார்கள். பார்க்க வெள்ளை வெளேரென்று இடியாப்ப மாவு மாதிரி இருக்கும், உள்ளே உலர்ந்த இறால். சைவக்காரர் ஒருவர் பாதி பொட்டலம் முடித்தபிறகு கேட்டார். அன்றிலிருந்து முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீ ரெபுஸ் என்ற நூடுல்ஸ் குழம்பிலும் இறால் இருக்கும். சைவர்களுக்குத் தோசையும் ஒட்டுக்கடைப் பலகாரமும் உண்டு, குறையில்லை.

சித்ரா பௌர்ணமிக்கு வந்தால் நடையும் பார்க்கலாம், திருவிழாவும் பார்க்கலாம் அல்லவா?

அன்றைக்கு நடை இல்லை. நகரத்தாரின், அதாவது செட்டியார்களின், தண்டாயுதபாணி கோயில் திருவிழா இந்த ஊரின் பெருநாள். சுற்றுவட்டாரத் தோட்டமெல்லாம் டவுனில்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தில் பன்னிரண்டு பேரைக் கட்டி மேய்க்க என்னால் ஆகாது. திருவிழாவுக்குத் தனியாக வாருங்கள், நடைக்கு வேறொரு ஞாயிறு வாருங்கள். சாதாரண நாளில் கோயிலுக்குள் போகும்போது முழங்கால் மறைய உடுத்தியிருந்தால் போதும். கருவறைப் பக்கம் படம் எடுக்க வேண்டாம்.

ஜப்பான்காரன் காலத்துக் கதைகள் உண்மையா?

கோபுரத்தில் ஏறிக் காவல் பார்த்தார்கள் என்பது உண்மை. 1942 சனவரி முதல் நாட்களில் ஜப்பானியர் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் கடல்வழியாகவும், பேராக் ஆற்றில் படகுகளிலும் இறங்கினார்கள். கம்பாரில் மலைச்சரிவில் நின்று சண்டைபோட்ட பிரிட்டிஷ் படை, பின்பக்கம் வளைக்கப்படுவது தெரிந்ததும் பின்வாங்கியது. ஆறு ஊருக்குச் சோறு போட்டதும் உண்டு, எதிரியைக் கொண்டுவந்ததும் உண்டு.

ஆனால் தோட்டத்து வீடுகளில் ஜப்பான் காலம் என்றால் கோபுரத்தைச் சொல்லமாட்டார்கள், சயாம் என்பார்கள். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட 1942-43-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுபோனார்கள். போர்க் கைதிகளுக்குக் கல்லறை வரிசைகள் இருக்கின்றன. இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை. பழைய ரயில் நிலையம் இருந்த பக்கம் வரும்போது இதைச் சொல்வேன். அங்கே நான் வேறு எதுவும் பேசுவதில்லை.

எங்கள் தாத்தா எந்தத் தோட்டம் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா?

சில நேரம் முடிகிறது. முதலில் அப்பாவின், அத்தைமாரின் பிறப்புப் பத்திரங்களைத் தேடுங்கள். பிறந்த இடம் என்ற வரியில் தோட்டத்தின் பெயர் இருக்கும். அடுத்தது பள்ளி விலகல் சான்றிதழ். அடுத்தது திருமணப் பத்திரிகை. ஒரு சிக்கல் உண்டு: கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் அழைத்த பெயர் வேறு. வாயில் நுழையாத பெயரை விட்டுவிட்டு, முதல் துரையின் பெயரையோ, ஓடுகிற ஆற்றையோ, முன்பு பயிரிட்டதையோ சொல்லி அழைத்தார்கள். வீட்டில் சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள், கோயில் மடப்பள்ளியில் ஒரு கிழவராவது தலையாட்டுவார்.

வந்த ஆண்டையும் ஓரளவு வரையறுக்கலாம். இந்தியத் தொழிலாளருக்கான ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910-இல் தடை வந்தது. கங்காணி வழியாக ஆள் வருவது அதற்குமுன்பே இருந்தது, பின்பு அதுவே பெருவழியாயிற்று. 1938-இல் இந்திய அரசு கூலிகளை உதவிப் பயணத்தில் அனுப்புவதை நிறுத்திவிட்டது. தாத்தா கங்காணியோடு கப்பலேறியிருந்தால் அதற்கு முன்புதான்.

பழம்பெருமை பேசுகிறீர்களே, தோட்டத்து மக்கள் பட்ட பாட்டைச் சொல்லமாட்டீர்களா?

இதைக் கேட்டவர் என் பழைய மாணவர், நன்றாகவே கேட்டார். அடகுக்கடைப் பதிலையும் சயாம் பதிலையும் படித்தால் பெருமை எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. ஆயினும் ஒன்று உண்மை: கடைவீடுகளின் சுண்ணப் பூவேலை அழகாக இருக்கிறது, அதை அழகு என்று சொல்கிறேன். அதைக் கட்டிய பணத்தில் கங்காணி ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிய தலைக்காசும், மளிகைக் கடையின் எழுதாத வட்டியும் கலந்திருக்கின்றன, அதையும் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனபோது, கோயிலும் பள்ளியும் லயமும் யார் துண்டில் விழுந்தன என்றே தெரியாமல் குடும்பங்கள் நின்றன. அதற்கு எதிராகத்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் போட்ட பங்குப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். நடை முடிவில் இதைச் சொல்லும்போது இளைஞர்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள், வயதானவர்கள் பங்குப் புத்தகத்தை எங்கே வைத்தோம் என்று யோசிப்பார்கள்.

நடை முடிந்ததும் ஒரு தோட்டத்துக்குள் போய்ப் பார்க்கலாமா?

நுழைவாயிலில் காவலர் இருப்பார். தனியார் நிலம், அனுமதி இல்லாமல் விடமாட்டார். விட்டாலும் நீங்கள் தேடும் லயம் பெரும்பாலும் இருக்காது. கித்தாவை அழித்துச் செம்பனை போட்டபோது லயங்களும் பலவிடத்தில் போய்விட்டன. கோயில் மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்கும். ஆடித் திருவிழாவின்போது கேட் திறந்திருக்கும், வெளியூரில் குடியேறிய பிள்ளைகளெல்லாம் கார் கட்டிக்கொண்டு வருவார்கள், யார் எவர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அன்றைக்குப் போங்கள். சாமி கும்பிட்டுவிட்டு, கூழ் குடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் தாத்தாவின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.